நாற்பத்தொரு படங்களில் ஒரு கை

படங்களை ஆண்டு வரிசைப்படி மாட்டலாம் என்று யோசனை சொன்னவர் காட்சிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள். ஓவியருக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. இருபத்திரண்டு வருடமாக வரைகிறாள். ஆரம்பகாலத்துத் தடுமாற்றமெல்லாம் வாசலிலேயே நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டுமா என்று தயங்கினாள். ஆனால் அந்த அம்மாளிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, இரண்டு மணிக்குள் நாற்பத்தொரு படங்களும் ஒரே நீளச் சுவரில் ஏறிவிட்டன. திறப்பு வெள்ளிக்கிழமை.

எல்லாம் வீட்டுக்குள் நடக்கிறவைதான். குழாய்க்கு அடியில் வாளி. நனைந்த கால்மிதி. மகளின் பள்ளிப் பை, வாய் திறந்தபடி. அவற்றைவிட அதிகமாக அவளுடைய கணவர்: துணி காயப்போடுகிறார், வெங்காயம் நறுக்குகிறார், சவரம் செய்துகொள்கிறார், படியில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டுகிறார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர், வீட்டில் மனைவியின் காகிதத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஓவியக் கல்லூரியில் படித்தபோதே ஆசிரியர் சொல்லிப் பார்த்தார், கொஞ்சம் பெரிய விஷயமாக எடுத்துக்கொள் என்று. அவளுக்குப் பெரிய விஷயம் எதுவும் கண்ணில் படவில்லை. முதல் கண்காட்சிக்கு வந்த ஒருவர், வாளிப் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, “இதைப் பாக்க என் வீட்டுக்கே போயிருக்கலாமே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று அழவில்லை. போய்ப் பார்க்கட்டும், அதற்காகத்தானே வரைந்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இருந்தது ஒரே விதி. யாரையும் அசையாமல் உட்காரச் சொல்லக் கூடாது. சமையலறை ஜன்னலோரம் ஒரு முக்காலி, மடியில் சின்ன நோட்டு, பென்சில். யாரிடமும் சொல்லாமல், நடப்பது நடக்கும்போதே இரண்டு மூன்று நிமிடத்தில் கோடு போட்டுவிடுவாள். வண்ணமெல்லாம் அப்புறம். புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்வதும் கிடையாது. கடைசி ஆறு வருடத்தில்தான் அவளுக்குப் பேர் வந்தது. அந்தப் படங்களில் ஒரு அமைதி இருக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கை பழுத்துவிட்டது என்று அவளும் நம்பினாள். காட்சிக்கூடத்து அம்மாள் அவளுடைய விதியையே பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவைத்திருந்தார்: ‘இங்கே யாரும் ஓவியருக்காக உட்காரவில்லை.’

சட்டங்களின் கீழ்விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க, அவள் சுவரோரமாக வேகமாக நடந்தாள். நோக்கம் சட்டத்தின் மேல்தான். ஆனால் வேகமாக நடந்ததில், படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அப்படி ஓடியபோது, ஒன்று மட்டும் கண்ணில் உறுத்தியது.

திரும்பப் போய், முதலிலிருந்து நடந்தாள்.

முதல் பத்துப் பதினைந்து படங்களில் கணவரின் வலது கை எங்கேயும் நிற்கவில்லை. கொடிக்கு மேலே பறந்தது, கத்தியோடு மேலெழுந்தது, பேச்சுக்கு நடுவே காற்றைப் பிசைந்தது. அதைப் பிடிக்க முடியாமல் அவள் தேய்த்து மங்கலாக்கியிருந்தாள். இருபதாவது படத்துக்கு மேல் கை கொஞ்சம் கீழே இறங்கியது. இருபத்தெட்டாவது படத்தில் அது வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது, முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளே திரும்பி. அதற்கப்புறம் எந்தப் படத்திலும் அது எழவேயில்லை. துணியை இடது கை போட்டது. வாளியை இடது கை தூக்கியது. நாற்பத்தொன்றாவது படத்தில் அவர் கதவைத் திறக்கிறார். அதையும் இடது கைதான் செய்தது.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன வருடம் மாமனாருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஏதோ பொட்டலத்தைப் பத்திரமாகப் பிடித்திருப்பது மாதிரி இருக்கும். பிறகு வாசனை தெரியாமல் போனது. பிறகு பித்தான் போட முடியவில்லை, பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. நரம்பு நோய் என்றார் மருத்துவர். மொத்தம் ஒன்பது வருடம். அவருக்குக் கடைசியாக ஊட்டிவிட்டவள் அவள்தான்.

“கடைசி வரிசை ரொம்ப அமைதியா இருக்கும்மா” என்றார் காட்சிக்கூடத்து அம்மாள், பின்னாலிருந்து.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நடப்பதையே பார்த்தாள். கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கொல்லைக் கதவுக்கு. கை வீசவில்லை. தண்ணீர் எடுத்து வரச் சொன்னாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், பிறகு திறக்கச் சொன்னாள். “என்ன, ஓவியரம்மாவுக்கு இன்னிக்கு ஆள் ஓட்டம் தேவைப்படுதா?” என்று சிரித்துக்கொண்டே போய்ப் போய் வந்தார். வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது. எத்தனை தடவை பார்த்தாளோ அத்தனை தடவையும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வேண்டுமென்றே அப்படியே நின்றாள். பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்தது. வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அவளுக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பாலிலேயே டீ போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“நல்லாருக்கே” என்றார்.

அவள் சமையலறைக்குள் போய், பால் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். கருகின அடி போகவில்லை. கண்ணில் நீர் முட்டியதால் எது கருகல், எது பாத்திரம் என்றும் தெரியவில்லை.

அன்று முழுவதும் நோயைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. ஆறு வருடமாக அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமா, ஒவ்வொரு விரலையும் அளந்திருக்கிறாள், நகத்தில் விழும் வெளிச்சத்தைக்கூட விட்டதில்லை. ஓவியர் பார்த்தாள், பெண்டாட்டி பார்க்கவில்லை. மாமனாருக்கு ஆரம்பத்திலேயே கவனித்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நன்றாக நடமாடியிருப்பார் என்று மருத்துவர் சொன்னது, வேண்டாத நேரத்திலெல்லாம் காதில் கேட்டது.

புதன்கிழமை காலை அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டின் கம்பிவடம் மாற்ற வேண்டும். வடம் மாற்றுவது என்றால் கூண்டின் கூரையில் ஏறி, பள்ளத்துக்கு மேலே நின்று செய்கிற வேலை. வலது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையால் திருக வேண்டும் என்று எப்போதோ அவர் சொல்லியிருந்தார். அவள் வாசலை மறித்து நின்றாள்.

கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் அவள் அவரை வேலைக்குப் போக வேண்டாமென்று சொன்னதில்லை. அதனால் அவர் முதலில் விளையாட்டென்று நினைத்தார். படம் மாட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்றாள்; அதுதான் திங்கட்கிழமையே முடிந்துவிட்டதே என்றார். தலை சுற்றுகிறது என்றாள். அப்படியானால் வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். கடைசியில் வேறு வழி தெரியாமல், உண்மையைச் சொன்னாள். கை, சுவர், மாமனார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவர் பையைக் கீழே வைத்தார். தன் வலது கையை யாரோ கொண்டுவந்து கொடுத்த சாமான் மாதிரி பார்த்தார். பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். கை வீசவில்லை. திரும்பி நடந்தார். வேண்டுமென்று வீசிப் பார்த்தார்; அணிவகுப்பில் தப்பாக நடக்கிற ஆள் மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எந்தப் படத்துல ஆரம்பிச்சுது?” என்று கேட்டார்.

“இருபத்தெட்டுலேர்ந்து.”

“எப்ப வரைஞ்சது அது?”

“ஆறு வருஷம் ஆச்சுங்க.”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. “அப்பா ஒம்பது வருஷம்” என்றார். கம்பிவடத்துக்கு வேறு ஆளை அனுப்பும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். எவ்வளவோ தடவை அவள் வரைந்த காட்சி. அன்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாத்தனார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமனாரை அங்கேதான் பார்த்தார்கள். நரம்பு மருத்துவரிடம் வியாழக்கிழமைக்கே நேரம் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் உதவிக்கு நீளும் கை அதைவிட நீளம். ஒரு காரியம் என்றால் முதலில் வந்து நிற்பாள். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனை உட்காரவைத்துவிட்டு, அவளைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டாள்.

“ஊரெல்லாம் உங்களுக்குக் கழுகுக் கண்ணுன்னு எழுதறாங்களே அண்ணி. எங்க அண்ணன் கை மட்டும் ஆறு வருஷமா கண்ணுல படலையா?”

அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரின் கையையே பார்த்தாள். நாத்தனாரே, தானும்தான் மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறோம், தனக்கு மட்டும் தெரிந்ததா என்று சொல்லி, அண்ணியின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

மருத்துவருக்கு அறுபது வயதிருக்கும். அவசரமே இல்லாதவர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். மணிக்கட்டை ஆட்டச் சொன்னார். ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதச் சொன்னார். முழங்கையைப் பிடித்து மடக்கி நீட்டினார். தோளைத் தொட்டபோது மட்டும் புருவத்தைச் சுருக்கினார். அங்கே ஒரு இறுக்கம் இருந்தது. அவள் அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே தன் கைப்பையின் வாரை முறுக்கினாள்.

“வாசனை எல்லாம் தெரியுதா?” என்று கேட்டார் மருத்துவர்.

“தெரியுதே.”

“செவ்வாய்க்கிழமை பால் தீஞ்சது உங்களுக்குத் தெரியலையே” என்றாள் அவள்.

கணவர் அவளைப் பார்த்தார், மருத்துவரைப் பார்த்தார். “தெருக்கோடி வரைக்கும் தெரிஞ்சுது டாக்டர். கண்காட்சிப் பதட்டத்துல இருக்கா, பாலைத் தீய விட்டுட்டா. அதைப் போய்ச் சொல்லிக் காட்டுவாங்களா?”

மருத்துவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு அறிகுறி கழிந்தது, அவ்வளவுதான். கை இன்னும் அங்கேயே இருந்தது.

வராந்தாவில் நடந்து காட்டச் சொன்னார் மருத்துவர். நாத்தனார் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் நிற்க, கணவர் நடந்தார். இடது கை முன்னும் பின்னும் போய் வந்தது. வலது கை வயிற்றை விட்டு நகரவில்லை. நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி வரும்படி ஓவியரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்.

கீழே வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். சீட்டு கைக்கு வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில் அவள் மூன்று வருடத்தை வாழ்ந்து முடித்திருந்தாள்: பித்தான் போடுவது, சாப்பாடு ஊட்டுவது, மகளுக்கு எப்படிச் சொல்வது. லிஃப்ட்டில் ஏற மனம் வராமல் படியேறினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, கதவுக் கண்ணாடி வழியாக அந்த வராந்தா தெரிந்தது.

கணவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கோடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளும் வீசிக்கொண்டிருந்தன. பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளையைப் போல, வலது கை இடது கையைவிட அகலமாகவே வீசியது.

அவள் கதவைத் தள்ளினாள். சத்தம் கேட்டு அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். அந்தக் கணத்தில், அவர் முகம் எதையும் அறியாமலிருக்க, வலது கை மட்டும் மெல்ல மடங்கி மேலே வந்து வயிற்றின் மேல் படிந்தது.

மருத்துவர் அறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

நாத்தனார்தான் சொன்னாள். ஓவியர், வீட்டில் நடப்பதை வரைகிறவர், இந்த மனிதரைத்தான் அதிகம் வரைவார் என்று. மருத்துவர் அவள் வாங்கிவந்த சீட்டை வாங்கி மேசையில் போட்டுவிட்டு, எல்லாரையும் உட்காரச் சொன்னார். அவள் கீழே போனதுமே கணவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனாராம். கை நன்றாக வீசியதாம். சந்தேகத்துக்கு இன்னும் மூன்று தடவை நடக்கவைத்தாராம். நோய் என்பது பெண்டாட்டி வரும்போது வந்து, அவள் போகும்போது போகாது என்றார்.

கணவருக்கு அப்போதும் புரியவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்போதாவது இந்தக் கையை அசையாமல் வைத்துப் பழகினீர்களா என்று மருத்துவர் கேட்டதும், அவர் முகம் மாறியது. சொல்லட்டுமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“ஏழு வருஷம் முன்னாடி” என்றார் மெதுவாக. “இவ தினம் தாள் தாளா கிழிச்சுப் போடுவா. குளியலறைல குழாயைத் திறந்துவிட்டு அழுவா, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கிட்டிருந்தா, அந்தக் கை ஒரு நிமிஷம் நின்னாப் போதுமேன்னு. இவ முக்காலி எனக்கு வலது பக்கம் டாக்டர். எப்ப வரையறா, எப்ப சும்மா உக்காந்திருக்கான்னு தெரியாது. அதான் இவ இருந்தா அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்திக்கலாம்னு. அப்புறம் அது மறந்தே போச்சு.”

“சொல்லியிருக்கலாமேங்க” என்றாள் அவள்.

“சொன்னா நீ வரையாம விட்டுடுவியே.”

நாத்தனார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்ல குடும்பம்டா சாமி” என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

மருத்துவர் மட்டும் முழுதாகச் சிரித்துவிடவில்லை. இப்போதைக்கு நோய் எதுவும் தெரியவில்லை, தோள் இறுகியிருப்பது பழக்கத்தால், பயிற்சி செய்தால் சரியாகும் என்றார். ஆனால் அப்பாவுக்கு இருந்ததால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். வீட்டில் யாராவது அவர் நடையைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் வாயெடுத்ததும், கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நீங்க வேண்டாம்மா. உங்க கண்ணு இதுக்கு ஆகாது. தங்கச்சி பாக்கட்டும்.”

நிம்மதி வர வேண்டிய இடம் அது. வந்ததுதான். நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். ஆனால் படியிறங்கும்போது வேறொரு பயம் கூடவே இறங்கியது. எல்லாரும் புகழ்ந்த அந்த அமைதி அவள் கை பழுத்து வந்ததில்லை. ஒருவர் தன் கையை நிறுத்தி வைத்துக் கொடுத்தது. இன்னும் எதையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்? அவள் எதிரில் இருமாமல் இருக்கிறாரா? வலியைச் சொல்லாமல் இருக்கிறாரா? நாளைக்கு நிஜமாகவே அந்தக் கை நின்றுபோனால், உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரியப்போவது அவளுக்குத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று காட்சிக்கூடத்து அம்மாளைத் தொலைபேசியில் அழைத்தாள். சுவரில் எழுதியிருப்பதை அழித்துவிடச் சொன்னாள். அது உங்கள் கொள்கையாயிற்றே என்று அவர் வாதாட ஆரம்பித்தார். “அது உண்மையில்லைம்மா” என்றாள். வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டார். எதுவும் வேண்டாம், சுவர் வெறுமையாக இருக்கட்டும் என்றாள். அந்த அம்மாள் முதல்முறையாக ஒரு வாதத்தில் தோற்றார்.

நாத்தனார் வேலைக்குத் திரும்பிவிட்டாள். கணவனும் மனைவியும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நிறுத்தத்துக்கு இரண்டு தெருக்கள், பக்கத்துப் பக்கத்தில், ஒரே நீளம். அவள் அவரை முன்னால் போகச் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை, போனார். பத்தடி போவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் முயற்சி செய்கிறார், அவளுக்காக வீசப் பார்க்கிறார், கை பாதி வழி போய்ப் பயந்து திரும்புகிறது. அவளுடைய பார்வை அந்தத் தோளின் மேல் ஒரு மூட்டையாக இருந்தது.

“நீங்க இப்படியே போங்க” என்றாள். “எனக்கு அந்தப் பக்கத் தெருவுல ஒரு வேலை இருக்கு. நிறுத்தத்துல பாக்கலாம்.”

“என்ன வேலை?”

“ஒரு வேலை.”

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டு நடந்தார். அவள் அடுத்த தெருவுக்குள் திரும்பினாள். அச்சகம் ஒன்று, பூட்டுக் கடை ஒன்று, வாசலில் நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த ஒரு தச்சுப் பட்டறை. அவள் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு குறுக்குச் சந்து வரும்போதும், அதன் வழியே அந்தத் தெருவை எட்டிப் பார்க்கலாம் என்று கழுத்து திரும்பியது. பார்த்தால் அவர் தென்படலாம். தென்பட்டால் அவரும் அவளைப் பார்க்கலாம்.

முதல் சந்தைக் கடந்தாள். இரண்டாவது சந்தில் கால் தானாக நின்றது. கண்ணை நேராக வைத்துக்கொண்டு, அதையும் கடந்து நடந்தாள்.